பத்மினியில் வேலைக்குப் போவது



பழைய கார்களைப் பற்றிப் பேச வருகிறவன் ரோல்ஸ் ராய்ஸிலும் மகாராஜாக்களிலும்தான் தொடங்குவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்த வண்டிகளை நான் ரசிக்காதவன் அல்ல. ஆனால் அவற்றில் பல, கண்காட்சிக்கு லாரியில் ஏறி வந்து, லாரியிலேயே வீடு திரும்புகின்றன. என் அக்கறை வேறு. காலையில் சாவியைத் திருப்பி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, அலுவலகம் போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வரவேண்டிய பழைய காரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்கிறேன். நான் தினமும் ஓட்டுவது அதைத்தான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் 1953-இல் ஃபியட் 1100 என்ற கார் புது வடிவத்தில் வந்தது. தனிச் சேசிஸ் கிடையாது. தகர உடம்பே எலும்புக்கூடாகவும் இருக்கும் கட்டுமானம். 1962-இல் அதன் டி வகை வந்தது. வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதை 1964 முதல் பம்பாய் குர்லாவில் தயாரித்தது. 1974-இல் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் தயாரிப்பு நின்றது. ஆக, என் அப்பா தலைமுறை இளைஞர்களாக இருந்தபோது வரைந்த கார், என் தலைமுறைக்கு நரை விழுந்த பிறகும் புதுசாக விற்றது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலமும் அதற்குள் அடக்கம். ‘பண்ணையாரும் பத்மினியும்’ படம் 2014-இல் வந்தபோது, அந்தக் காத்திருப்பை அறியாத பிள்ளைகள்கூட இந்த வண்டி மீது ஆசைப்பட்டார்கள். ஆசை நல்லதுதான். வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் படம் சொல்லவில்லை.

வண்டியின் ஜாதகம் இது: 1089 சிசி இன்ஜின், ஏறக்குறைய 40 குதிரைத் திறன், ஸ்டீயரிங் பக்கத்தில் கை கியர், பின்னால் இலைப்பட்டை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதில் எதுவும் மோசமானதில்லை. அன்றைய சாலையில், அன்றைய வேகத்தில், அம்பாசடருக்கும் லாரிக்கும் நடுவில் ஓட இது போதும். இன்று உங்களுக்கு முன்னால் போகிற சின்னக் காரில்கூட டிஸ்க் பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. அதை ஓட்டுகிறவர் குறுக்கே வந்த நாய்க்காக மிதித்தால் நின்றுவிடுவார். பின்னால் வருகிற நீங்கள் நிற்கவேண்டிய இடம் அவருடைய டிக்கியாக இருக்கக் கூடாது.

ஆகவே பழைய காரைத் தினமும் ஓட்ட விரும்புகிறவர் எதையாவது மாற்றித்தான் ஆகவேண்டும். இங்கேதான் சண்டை. ஒரு கட்சிக்கு ஒரு திருகு மாறினாலும் வண்டி செத்துப்போயிற்று. இன்னொரு கட்சி வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க வேறு காரை நுழைத்துவிடும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012-13-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் செய்யும் மாற்றங்கள் கண்ணை உறுத்தாமல் இருக்கவேண்டும், கூடுமானவரை திரும்ப எடுத்துவிடும்படி இருக்கவேண்டும், கழற்றிய அசல் பாகங்களை வண்டியோடு பாதுகாக்கவேண்டும் என்பது அதன் போக்கு. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. என் பேச்சு முழுக்க இந்த ஒரு அளவுகோலைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்: நாளை இந்த வண்டி வேறொருவர் கைக்குப் போனால், ஒரு வார இறுதியில் ஸ்பேனர் மட்டும் வைத்து அவர் அதைப் பழையபடி ஆக்கிவிட முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வெட்டவும் வெல்டிங் வைக்கவும் வேண்டும் என்றால் கையை நிறுத்துங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் பிரேக். நம் ஆட்கள் பழைய வண்டி வாங்கியதும் இன்ஜினைத்தான் இறக்குவார்கள். நான் இன்ஜின் பக்கமே போகாதீர்கள் என்பேன், வண்டி ஒழுங்காக நிற்கும்வரை.

பழைய பத்மினியில் பிரேக் எண்ணெய் ஒரே சுற்று. மிதிக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகினால், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிதி நேராகத் தரையைத் தொடும். இப்போதைய கார்களில் இரட்டைச் சுற்று; ஒன்று போனாலும் மற்றொன்று பாதி வேலையாவது செய்யும். ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் மாற்றம் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான். வெளியே தெரியாது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது. அதனாலேயே பலர் செய்வதில்லை.

அடுத்தது சூடு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்கு. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரிகிறது. உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. சூட்டில் லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. மிதி கீழே கீழே போகும். இரண்டாவது கியரில் இறக்கினால் இந்தத் தொல்லையில் பெரும்பங்கு இல்லை. நம் அப்பாக்கள் அப்படித்தான் இறக்கினார்கள். ஆனால் இன்று பின்னால் ஹார்ன் அடிக்கிறவர்கள் நம்மை இரண்டாவது கியரில் விடுவதில்லை.

டிஸ்க் மாற்றுவதா? பிரீமியர் நிறுவனத்தின் 118 என்.இ. காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. அதையோ வேறு காரின் டிஸ்க்கையோ பொருத்தித் தருகிற பட்டறைகள் உண்டு. செய்யலாம், ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டிரம் பிரேக்கில் சக்கரம் சுற்றுகிற வேகமே ஷூவை உள்ளே இழுத்து உதவி செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மாட்டினால் கால் வலிக்கும், வண்டி நிற்காது. இரண்டாவது, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வால்வு இருக்கும். அதே சிலிண்டரை டிஸ்க்குக்கு வைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, முன்னுக்கும் பின்னுக்குமான சமநிலை. முன்னால் பிடிப்பு கூடி, பின்னால் அப்படியே இருந்தாலாவது பரவாயில்லை. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் மழைநாளில் வண்டி தானாகவே திரும்பி வந்த வழியைப் பார்க்கும். இந்த மூன்றுக்கும் பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை என்றால் அசல் டிரம்மையே ஒழுங்காக்குங்கள். லேத்தில் வைத்து வட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். புது லைனிங், புது ஹோஸ், புது சக்கரச் சிலிண்டர் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுக்க மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற எண்ணெய். சரியாக வேலை செய்யும் டிரம் பிரேக்கை நம்மில் பலர் மிதித்துப் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

பெல்ட்டுக்கு வருகிறேன். என் விதிவிலக்கு இதுதான். முன் இருக்கைக்கு சீட் பெல்ட் நம் நாட்டில் 1994-இல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றில் பெல்ட்டைப் பூட்ட இடமே இல்லை. தூணில் ஓட்டை போட்டு, பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து, போல்ட் ஏற்றவேண்டும். தகடு இல்லாமல் வெறும் தகரத்தில் மாட்டினால் விபத்தில் போல்ட் பிய்த்துக்கொண்டு வரும். அது பெல்ட் இல்லாததைவிடப் பெரிய ஏமாற்று. ஓட்டை போடுங்கள் என்கிறேன். அசல் தன்மையைக் காப்பாற்ற உயிரோடு ஒருவர் இருக்கவேண்டும் அல்லவா?

இனி மின்சாரம். பழைய வண்டி நடுரோட்டில் நிற்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இங்கேதான். சென்னையிலோ கோவையிலோ மே மாதம், சிக்னலில் நிற்கிறீர்கள். ரேடியேட்டர் விசிறி இன்ஜினோடு பெல்ட்டில் கட்டப்பட்டிருக்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் காற்று இல்லை. சூட்டு முள் ஏறுகிறது. உடனே மின்விசிறி வைக்கலாம் என்று தோன்றும். வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். ஏனென்றால் பழைய வண்டிகளில் இருப்பது டைனமோ. ஐடிலில் அது ஏறக்குறைய எதுவும் தராது. அம்பாசடரில் இருந்த லூகாஸ் வகை டைனமோ முழு வேகத்திலும் 22 ஆம்பியர்தான் தரும். இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர், அதன்மேல் விசிறி என்றால் கணக்கு உதைக்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு மின்விசிறி. மாருதி 800-இன் ஆல்டர்னேட்டரை ஒரு பிராக்கெட் செய்து மாட்டுவது நம் ஊர் எலெக்ட்ரீஷியன்களுக்குக் கைவந்த வேலை. பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் வகை வண்டி என்றால், எர்த்தை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் ஒரு நொடியில் கருகும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். அசல் வயரிங்கில் விளக்குக்கான முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய் வருகிறது. ஐம்பது வருஷத்துச் சுவிட்ச், ஐம்பது வருஷத்து வயர். வெளிச்சம் மங்கலாக இருப்பதற்குப் பல்பு காரணமே இல்லாமல் இருக்கலாம். ரிலே வைத்தால் அதே பல்பு பளிச்சென்று எரியும், சுவிட்சும் தப்பிக்கும்.

இக்னிஷனில் பாயிண்டும் கண்டன்சரும் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் ஒரு மாலை பேசலாம். இப்போது கடையில் கிடைக்கிற கண்டன்சர்களை நான் நம்புவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே அடங்கிவிடுகிற மின்னணு இக்னிஷன் வந்துவிட்டது. மூடியை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. கழற்றிய பாயிண்ட் தட்டைத் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். மின்னணு வேலை செய்யாத அன்று, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வீடு வந்து சேர்ந்துவிடலாம். திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெட்ரோல் விஷயம் இன்னும் சிக்கல். 2000-இல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. காற்றுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய அம்பாசடர் போன்ற இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெல்லிய காப்பாக இருந்தது. அது போனபின் நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் இருக்கை தேயும், வால்வு உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டுவிட்டால் கவலை விட்டது. பத்மினியின் ஹெட் அலுமினியம். சீட் ஏற்கெனவே தனியாகப் பதித்திருப்பார்கள்.

இப்போதைய தலைவலி எத்தனால். பம்புகளில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், கார்பரேட்டரின் துத்தநாகக் கலவை உலோகத்தை அரிக்கும், டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்திருக்கும் கசடைக் கரைத்து ஜெட்டுக்கு அனுப்பும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் இது பெரிய ஆபத்து. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தங்குவதில்லை. பழைய காரை ஓட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். டேங்கிலிருந்து கார்பரேட்டர்வரை உள்ள எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றுங்கள். பம்பின் டயாபிரத்தையும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் கார் தீப்பிடித்தது என்று வருந்துவதில் பயனில்லை. சூடான இன்ஜின் மேல் சொட்டுகிற பெட்ரோலுக்கு இரக்கம் கிடையாது.

கோடையில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு சாலையோரம் நின்ற குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினில் ஒட்டிய பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியானால் உறிஞ்ச ஒன்றும் இல்லை. டேங்குக்குப் பக்கத்தில் ஒரு மின்பம்பு வைத்தால் அது தள்ளும். ஆவித் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் மோதினால் தானே அறுந்துபோகிற சுவிட்சோடு வையுங்கள். அது இல்லாவிட்டால், கவிழ்ந்த வண்டியிலும் அந்தப் பம்பு கடமை தவறாமல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

டிங்கரிங் பற்றிச் சொல்லாமல் போனால் பணம் எங்கே போகிறது என்பதே தெரியாது. இன்ஜின் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு லேப்பிங், ஹெட் கேஸ்கெட் என்று லேத்காரர் பட்டியல் தருவார். தகரத்துக்கு முடிவு இல்லை. பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே, சக்கர வளைவின் ஓரத்தில், ஸ்டெப்னி கிடக்கிற பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது இரும்பல்ல, பட்டி. கார்ப்பெட்டைத் தூக்கி மிதிதளத்தைப் பாருங்கள். தரை தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதிதான் இந்த வண்டியின் முதுகெலும்பு. தனிச் சேசிஸ் இல்லை என்று சொன்னேன் அல்லவா? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகடு அழகாக வந்தபின் கதவு மூடாது. முட்டுக் கொடுக்காமல் வீட்டுச் சுவரை இடிக்கிற கதைதான். கதவுக் கட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டிங் செய்துவிட்டு, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் போகிற டிங்கரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம் பேரம் பேசாதீர்கள். இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்; அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. பம்பரையே கழற்றிப் புதிது மாட்டுகிற காலத்தில், இரும்புத் தகட்டை மரக்கட்டைமேல் தட்டித் தட்டி மட்கார்டு வளைவைக் கொண்டுவருகிறவருக்கு ஏன் சீடன் வரவேண்டும்?

உதிரிபாகமும் அப்படித்தான். சென்னை புதுப்பேட்டையில் இன்றும் சில கிடைக்கும். மும்பையில் பத்மினி டாக்சிகள் ஓடியவரை பெரிய வியாபாரம் இருந்தது. 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் வயது வரம்பால் ஓய்வு பெற்றது. இதில் ஒரு வேடிக்கை. நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த ஹெரால்டு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் வந்த வண்டி. தனிச் சேசிஸ், போல்ட் போட்டுப் பூட்டிய உடம்பு, முழு முன்பகுதியும் முன்னோக்கித் திறக்கும் பானெட். இங்கிலாந்தில் இதை டிரையம்ஃப் என்ற பெயரில் தயாரித்த நிறுவனத்துக்கு முழு உடம்பை அடித்துத் தர ஆள் கிடைக்காததால் துண்டு துண்டாக வடிவமைத்தார்கள்; அந்தப் போதாமை, பழுது பார்ப்பவனுக்கு வரமாகிவிட்டது. இங்கே தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் பிரிட்டனில் டிரையம்ஃப் ரசிகர்கள் நிறைய இருப்பதால் இன்ஜின், பிரேக் பாகங்களை அங்கிருந்து வரவழைக்க முடிகிறது. ஆக, 2000 வரை செய்த பத்மினியைவிட 1960-களின் ஹெரால்டுக்குச் சில சாமான்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. வண்டி எத்தனை விற்றது என்பதைவிட எத்தனை பேர் அதைத் தூக்கிப்போட மறுத்தார்கள் என்பதுதான் உதிரிக் கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

வேறு இன்ஜின் மாற்றுவதைப் பற்றிக் கேட்பீர்கள். மாருதி இன்ஜின், 118 என்.இ.-இன் நிசான் இன்ஜின், ஒரு காலத்தில் டீசல் என்று எல்லாமே மாட்டியிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிறது. ஆனால் கிராஸ் மெம்பரை வெட்டுவார்கள், டனலைத் தட்டுவார்கள், கை கியரை எடுத்துவிட்டுத் தரையில் ஓட்டை போடுவார்கள். என் அளவுகோலில் இது தேறாது. கை கியர் சரியாக விழவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தேய்ந்த புஷ்தான் காரணம். ஏசி வேண்டும் என்பவர்களுக்கு: 40 குதிரையில் சில குதிரைகளைக் கம்ப்ரசருக்குக் கொடுத்துவிட்டு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.

சட்டமும் இதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாதாரணப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2021 ஜூலையில் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். வரவேற்கவேண்டிய விதிகள்தான். ஆனால் அவற்றில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. சேசிஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது.

முதல் நிபந்தனை எனக்குச் சம்மதம். இவ்வளவு நேரம் நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவதோடு எனக்குத் தகராறு. 1974-இல் வந்த முதல் பத்மினிகள் 50 வயதைக் கடந்துவிட்டன. அவற்றை நல்ல நிலையில் வைத்திருக்கிறவரிடம் அரசு சொல்வது, கௌரவம் வேண்டுமானால் காரை வீட்டில் நிறுத்து என்பதுதான். நிறுத்தினால் என்ன ஆகும்? பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும், எத்தனால் கலந்த பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகப் படியும், டயர் ஓரிடத்தில் தட்டையாகும், எண்ணெய் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்குச் சாலை வரியும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. தினமும் ஓட்டாதே என்றும் சொல்லவில்லை. அவ்வளவு தாராளம் எனக்கு வேண்டாம். சோதனை இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். பிரேக் கருவியில் ஏற்றிப் பாருங்கள், புகையை அளந்து பாருங்கள். தேறிய வண்டியை ஓட்ட விடுங்கள். அதோடு, இரட்டை மாஸ்டர் சிலிண்டர், சீட் பெல்ட், ரிலே, எத்தனால் ஹோஸ் போன்ற பாதுகாப்புச் சேர்க்கைகளை ‘மாற்றம்’ என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த விதிகளில் ஒரு வரி சேர்க்கட்டும். பழைய கார் சங்கங்கள் ஊர்வலம் நடத்துகிற சக்தியில் ஒரு பங்கை இந்த ஒரு வரிக்காகச் செலவழித்து டெல்லிக்கு மனு எழுதலாம்.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது, பானெட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். அந்த மாஸ்டர் சிலிண்டரை இதுவரை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.